பிரேக் ‘டிராக்’: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படகு ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்கான பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மென்பொருள் தந்த முதல் வரைவில் டிரெய்லர் ‘முன்னோட்டம்’ ஆகியிருந்தது. படகு எந்தத் திரையரங்கில் ஓடுகிறதோ தெரியவில்லை, ‘இழுவண்டி’ என்று மாற்றிவிட்டேன்.

நான் மாட்டிக்கொண்டது ‘பிரேக் அதிகமாகச் சூடேறினால்’ என்ற அட்டவணையில். முதல் காரணம் ‘பிரேக் டிராக்’. முன்வண்டி வேகம் குறைத்து மறுபடி கிளம்பிய பிறகும், பிரேக் லைனிங் டிரம்மை விட்டு விலகாமல் தேய்த்துக்கொண்டே வருவது. கட்டம் சிறியது, இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. ‘இழுவை’ என்று போட்டுப் பார்த்தேன். இழுக்கும் வண்டி, இழுவண்டி, இழுவை என்று ஒரே வரியில் வந்ததும் நானே குழம்பிவிட்டேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

நாங்கள் ‘பைண்டிங்’ என்போம். வாயில் வருவது ‘பிரேக் பிடிச்சுக்கிச்சு’. ஒன்று கவனியுங்கள். ‘பிரேக் பிடிக்கிறது’ என்றால் வண்டி நன்றாக இருக்கிறது. ‘பிடித்துக்கொள்கிறது’ என்றால் கோளாறு. எல்லாம் அந்தக் ‘கொள்’ செய்கிற வேலை. அதை விட்டுவிட்டு ‘பிரேக் பிடிப்பு’ என்று எழுதினால், படிப்பவர் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

புலவர் எழுதியது:

அருமை. அந்தக் ‘கொள்’ மணிவாசகரிடமே இருக்கிறது: ‘கொடிறும் பேதையும் கொண்டது விடாதென’. கொடிறு என்பது பற்றுக்குறடு. ஆகவே ‘கொண்டது விடாமை’. இரண்டே சொல், கட்டத்தில் அடங்கும். ‘பிரேக்’கையும் ‘தடை’ என்று மாற்றிவிட்டால் முழுமை பெறும்.

ஆசிரியை எழுதியது:

ஐயா, மணிவாசகரின் ‘கொண்டது’ முதல்வினையிலிருந்து வந்தது. பட்டறை நண்பர் சொல்வது துணைவினை. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டக் கூடாது. கொடிறும் எல்லா இடத்திலும் குறடு இல்லை. ‘கொடிறுடைக்கும் கூன்கையர்’ என்ற குறளில் அது தாடை. ‘தடை’யோ நீதிமன்ற உத்தரவு மாதிரி ஒலிக்கிறது.

என் பரிந்துரை ‘விடாப்பிடி’. விடாத பிடி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். யாரும் அகராதியைத் தொட வேண்டாம்.

புலவர் எழுதியது:

> அந்தக் குறளில் அது தாடை

தாடையும் குறடும் செய்வது ஒரே வேலை, அம்மா, கவ்வுவது. அதனால்தான் ஒரே பெயர். ‘கொடு’ என்றால் வளைவு. அதிலிருந்து கொடுவாள், கொடுக்கு, கொடிறு. இன்னொரு படி போனால் ‘கோடு’, யானையின் கொம்பு. இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன். பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு விடாப்பிடிக்கு மட்டும் இலக்கணம் பார்ப்பது, கிழிந்த வேட்டிக்குப் பட்டுக்கரை தைப்பது போல.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, யானை வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். எனக்கு ‘விடாப்பிடி’ பிடித்திருக்கிறது. ஒரே தயக்கம், டிரம்முக்குப் பிடிவாதம் உண்டா?

பட்டறைக்காரர் எழுதியது:

பிடிவாதம் இருக்கட்டும், அளவு இடிக்கிறது. விடாப்பிடி என்றால் சக்கரமே நின்றுபோன மாதிரி இருக்கிறது. இங்கே சக்கரம் சுற்றும். லேசான உரசல்தான், ஒரு மணி நேரம் ஓடினால் டிரம்மில் கை வைக்க முடியாது. ‘உரசல்’ என்று மட்டும் எழுதினாலும் தப்பு. சத்தம் கேட்டால் போதும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வகை டிரெய்லரில் தனி பெடல் கிடையாது. முன்வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். கொக்கியில் உள்ள நகரும் பகுதி உள்ளே போய் பிரேக் ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து அது திரும்பி வராவிட்டால் அழுத்தம் உள்ளேயே நிற்கும், எல்லாச் சக்கரமும் கொதிக்கும். ஒரே சக்கரம் மட்டும் சூடு என்றால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டர், ஹோஸ், லைனிங் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் பக்கம் பார்க்க வேண்டும். பேரிங்கையும் விட்டுவிடாதீர்கள்.

பிரித்தறிவது சுலபம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் ஆயிலை வெளியே விடும் பிளீடர் திருகைக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே இலகுவானால் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கிறது. ஹோஸ் உள்ளுக்குள் ஊதி அடைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். திறந்தும் சுற்றவில்லை என்றால் துரு, அல்லது அட்ஜஸ்டரை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லா, இரண்டு சொல்லா?

கடைசியில் என்ன ஆகும் தெரியுமா? டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயில் 140-லேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி. அமுக்கினால் அழுத்தம் வராது. விடாமல் பிடித்த பிரேக் பிடிக்காமலே போய்விடும். அதற்கும் விடாப்பிடி என்றா பெயர்?

ஆசிரியை எழுதியது:

அப்படியானால் ‘பிரேக் விடாமை’ என்று வைக்கலாம். பிடியின் பலத்தைப் பற்றிப் பேசவில்லை. விடவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் இரு வகைக்கும் ‘அழுத்த விடாமை’, ‘துரு விடாமை’.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

‘துரு விடாமை’ என்றால் துரு போகவில்லை என்றாகிவிடுமே, அம்மா. பொதுச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டத்தில் ‘பிரேக் விடாமை’, முதல் முறை மட்டும் அடைப்புக்குள் ‘பைண்டிங்’. நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள். இரண்டு பேர் தூங்கப் போவதாகச் சொன்னார்கள். அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

புலவர் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘கொண்டது’ இல்லாத ‘விடாமை’ மொட்டைச் சொல். கொடிறு பற்றிய மடல் தயாராகிக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்காரர் எழுதியது:

ஒரு சந்தேகம். படகை இறக்கும் துறைக்கு வந்ததும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆறும் வரை காத்திருக்கச் சொல்லும் வரி கையேட்டில் இருக்கிறதா? சூடோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் போயே போச்சு.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இருக்கிறது. ‘ஹப்’புக்கு மாட்டுவண்டிக்காரர்கள் சொல்லும் ‘குடம்’ என்பதையே போட்டிருக்கிறேன். இப்போது அந்த வரி இப்படி நிற்கிறது: ‘குடத்துக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.’ யாராவது கைகொடுங்கள்.