எஸ்க்யூலைட்டில் 'கடை' என்று தேடினால் நாய்க்கடி வருகிறது

மாம்பலவாசி:
மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வந்த பழைய கடிதங்களை யூனிகோடில் தட்டச்சு செய்து எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். முழு உரைத் தேடலுக்கு அதிலுள்ள எஃப்டிஎஸ்5 வசதி. ஆங்கிலத்தில் குறையே இல்லை, தமிழில்தான் கூத்து. நடைபாதைக் கடைகள் பற்றிய கடிதம் வேண்டி 'கடை' என்று தேடினால் நாய்க்கடி, கொசுக்கடிப் புகார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. இண்டெக்ஸ், டோக்கனைசர் என்றெல்லாம் படித்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சொல்பொறுக்கி:
தேடும்போது மென்பொருள் கடிதங்களைப் புரட்டுவதில்லை, ஐயா. ஏற்றும்போதே உரையை நறுக்கி, எந்தச் சொல் எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்கிறது, நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போல. அதுதான் இண்டெக்ஸ். நறுக்கிய துண்டு டோக்கன், நறுக்குவது டோக்கனைசர். கோளாறு நறுக்கும் இடத்தில்.

எஃப்டிஎஸ்5 தானாக எடுத்துக்கொள்ளும் யூனிகோட்61 டோக்கனைசர், நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. யூனிகோடில் அவை 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. ஆகவே அந்த இடத்தில் வெட்டிவிடுகிறது. 'கடை'யில் 'கட' மட்டும் மிஞ்சும். 'நாய்க்கடி' ந, ய, க, கட என்று நாலு துண்டாகும். கடைசித் துண்டு பொருந்திவிட்டதே!

கடிதங்களை ஏற்றும் அட்டவணையை (டேபிள்) உருவாக்கும்போது யூனிகோட்61-க்கான 'கேட்டகரீஸ்' அமைப்பில், வழக்கமான வகைகளோடு 'குறி' வகையின் உட்பிரிவுகளான எம்என், எம்சி இரண்டையும் சேர்க்கவும். புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என், மற்ற உயிர்க்குறிகள் எம்சி. ஒன்றை விட்டால் பாதி நோய் தங்கிவிடும். இருக்கிற அட்டவணையில் இதை மாற்ற வழியில்லை. புதிதாக உருவாக்கி மறுபடி ஏற்ற வேண்டும்.

மாம்பலவாசி:
நாய் ஓடிவிட்டது, நன்றி! ஆனால் 'கடையில்', 'கடைகள்' உள்ள கடிதங்களும் கூடவே ஓடிவிட்டன. முன்பு வந்தனவே?

சொல்பொறுக்கி:
அது தற்செயல். 'கடையில்' என்பதிலும் முதல் துண்டு 'கட'தான். இப்போது அது முழுச் சொல்லாக நிற்பதால் 'கடை'யோடு பொருந்தாது. ஆங்கிலச் சொற்களின் விகுதியை நீக்க 'போர்ட்டர்' உடன் வருகிறது, தமிழுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. உடுக்குறி போட்டு 'கடை*' என்று தேடுங்கள்.

நூலகப்பூனை:
அது 'கடைசி'யையும் இழுத்துவரும், பொறுத்துக்கொள்ளலாம். 'மரம்' போன்ற சொற்களில்தான் வம்பு: வேற்றுமை உருபு சேர்ந்தால் 'மரத்தை' ஆகிவிடுகிறது. 'மர*' போட்டால் மரபும் மரணமும் வந்து சேரும். 'மரம்', 'மரத்*', 'மரங்*' மூன்றுக்கும் இடையே 'அல்லது' என்று பொருள்படும் 'OR' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டுத் தேடுவேன்.

சொல்லின் நடுவிலும் தேட வேண்டுமென்றால் டிரைகிராம் டோக்கனைசர் இருக்கிறது. மூன்று மூன்று யூனிகோடு குறியீடாக நறுக்குவதால் 'பெட்டிக்கடை'யும் சிக்கும். இண்டெக்ஸ் பெரிதாகும், சங்கத்துக் கடிதங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 'பூ' போல இரண்டே குறியீடுள்ள (ப, ஊகாரக் குறி) சொல்லைத் தேட முடியாது என்பதுதான் குறை.

மாம்பலவாசி:
பெட்டிக்கடைக் கடிதங்கள்தான் எங்களிடம் அதிகம், ஆகவே டிரைகிராமுக்கு மாறிவிட்டேன். இன்னொன்று: மதிப்பெண் கூடுதலானது மேலே வரட்டும் என்று பொருத்தத்தை அளக்கும் பிஎம்25 மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கினால், பேருக்கு ஒருமுறை 'கடை' வரும் கடிதம் முதலில் நிற்கிறது.

சொல்பொறுக்கி:
எஃப்டிஎஸ்5-இல் பிஎம்25 மதிப்பெண் எதிர்மறை எண். எவ்வளவு சிறிய எண்ணோ அவ்வளவு நல்ல பொருத்தம். ஏறுவரிசைக்கு மாற்றுங்கள்.