மீன் செவுள்ல வெள்ளை வழும்பு: கண்டவங்க ஊர்ப் பேரோட எழுதுங்க

வவுணதீவு
வயல் வட்டையில நெல்லுத் தண்டுதுளைப்பான் புழுவுக்கு மருந்தடிச்சு ரெண்டாம் நாள் மழை. வடிச்சல் முழுக்க வாய்க்காலுக்குள்ள. நேத்து மத்தியானம் மதகடியில திலாப்பியாக் குஞ்சுகள் ஒரு பக்கமாச் சரிஞ்சு சுத்துது. ஒண்டைத் தூக்கி செவுள் மூடியை விரிச்சா சிவப்பே தெரியல்ல. ஆறின கஞ்சி போல வழும்பு இதழுக்கு இதழ் அப்பிக் கிடக்கு, நகத்தால வழிச்சா நூலா இழுபடுது. வாய் திறந்து திறந்து மூடுது, உயிர் போகுது. பக்கத்துல விரால் மட்டும் மேல வந்து காத்தைக் குடிச்சிட்டு இறங்குது.

களுவாஞ்சிக்குடி
விரால் தப்பினா அது ஒட்சிசன் குறைஞ்ச சாவு தம்பி. மருந்தில்ல.

சம்மாந்துறை
இல்ல அண்ணன். ஒட்சிசன் குறைஞ்சா விடியப்புறம், பெரிய மீன்தான் முதல்ல சாகும். வெயில் ஏறினா மிச்சம் தெளியும். இது மத்தியானம், சாகிறது குஞ்சு. கூனி இறாலும் தண்ணிப் பூச்சியும் சேர்ந்து செத்திருக்கா எண்டு பாருங்க, இருந்தா மருந்துதான். விராலுக்குத் தலைக்குள்ள காத்து மூச்சுக்கு அறை இருக்கு, செவுள் அடைபட்டாலும் கொஞ்சம் தாங்கும்.

செவுள்ல வழும்பு எப்பவும் மெல்லிசாப் பூசினபடிதான் இருக்கும். மண்ணையும் கிருமியையும் பிடிச்சு வெளியில தள்ளுறது அதுதான். மருந்து உறுத்தினதும் வழும்பு சுரக்கிற கலங்கள் அடங்காமச் சுரக்கும். பூச்சு தடிச்சா தண்ணியில இருக்கிற ஒட்சிசன் இரத்தத்துக்குப் போகாது. உறுத்தல் நாள்கணக்கா நீடிச்சா மேல்தோல் பெருகி, பக்கத்துப் பக்கத்து இதழ் ஒட்டிப்போகும். அதுக்குப் பிறகு நல்ல தண்ணி வந்தாலும் மீன் உடனே தேறாது. சைபர்மெத்ரின் மாதிரிப் பூச்சிமருந்து மீனைக் கொல்ல லீற்றருக்குச் சில மைக்ரோகிராமே போதும். அதோட இலையில ஒட்டக் கலக்கிற சவர்க்காரத் திரவத்தையும் விட்டுடாதீங்க, அதுவும் செவுளைச் சுடும். களைக்கொல்லி கிளைபொசேட்டுலயே மருந்தை விடக் கூடக் கலக்கிற திரவம் மீனுக்குக் கொடுமை.

அக்கரைப்பற்று
இதே வழும்பை ஒட்டுண்ணி எண்டு நினைச்சு சிமெந்துத் தொட்டிக்குப் போர்மலின் ஊத்தினதைக் கண்டிருக்கேன். ஏற்கனவே மூச்சு முட்டுற மீன், போர்மலின் தண்ணியில இருக்கிற ஒட்சிசனையும் குறைக்கும். ஒரு தொட்டி முழுக்க வயிறு மேல. தொட்டியில செய்ய வேண்டியது: பாதித் தண்ணியை மாத்துங்க, வாய்க்கால் தண்ணி வேணாம், கிணத்துத் தண்ணி. காத்து பம்பைப் போடுங்க. 1,000 லீற்றருக்கு 3 கிலோ கல்லுப்பு, ஒரேயடியா இல்லாம மூணு தடவையாக் கரைச்சு விடுங்க. செவுள் பழுதானா நன்னீர் மீன்ட உடம்பு உப்பு வெளியில கசியும், அதுக்குத்தான் இது. தீனி நிப்பாட்டுங்க. அடிப்பகுதிக் கழிவையும் இழுத்து எடுங்க.

வவுணதீவு
நானா, நான் கேட்டது வாய்க்கால்.

வாழைச்சேனை
செத்து மிதந்ததை ஐஸ்ல வச்சுக் குடுத்தா ஆய்வுகூடத்துல ஒண்டும் பார்க்கேலா. இந்தச் சூட்டுல செவுள்தான் முதல்ல அழுகும். மூச்சு இருக்கிற மீன்ல ஒரு செவுள் வளைவை முழுசா வெட்டி, 10% தாங்கல் போர்மலின்ல (அமிலமாகாமக் கலந்த போர்மலின்) உடனே போடுங்க. துண்டைப்போல பத்து மடங்கு திரவம் வேணும். பிறகு ஆய்வுகூடத்துல அல்சியன் நீலம் எண்ட சாயம் பூசினா வழும்புக் கலம் நீலமாத் தெரியும், நல்ல மீன்ட செவுளோட வச்சு எண்ணலாம். அதால மருந்து படாத வேற வாய்க்கால் மீனும் ரெண்டு எடுங்க. தண்ணி கண்ணாடிப் போத்தல்ல, கழுத்து வரை நிரப்பி, ஐஸ்ல, இருட்டுல. பிளாஸ்டிக் வேணாம், சைபர்மெத்ரின் போத்தல் சுவர்லயே ஒட்டிக்கும். மதகுக்கு மேல ஒண்டு, கீழ ஒண்டு.

வவுணதீவு
இன்னும் ரெண்டு குஞ்சு மூடி அசைக்குது. போத்தலோட போறேன்.