டெக்சாஸில் நர்சிங் படிப்பு, கலிபோர்னியாவில் குடியேற்றம்: லைசென்ஸுக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

டாலஸ்வாசி:
வணக்கம். டாலஸில் பிஎஸ்என் (நர்சிங் இளங்கலை) முடித்து இந்த மே மாதம் பட்டம் வாங்கினேன். நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வை இன்னும் எழுதவில்லை. கணவருக்கு சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் வீடு மாறுகிறோம். கூடப் படித்தவர்கள், "டெக்சாஸ் லைசென்ஸ் வாங்கிவிடு, அது பல மாநிலங்களில் செல்லும்" என்கிறார்கள். கலிபோர்னியாவிலும் செல்லுமா? நேரே லைசென்ஸ் தரும் கலிபோர்னியா நர்சிங் போர்டுக்கு விண்ணப்பித்தால் தேர்வை அங்கே போய்த்தான் எழுத வேண்டுமா? தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தில் டெக்சாஸைக் குறித்துப் பணம் கட்டிவிட்டேன், ஏடிடி (தேர்வு எழுத அனுமதிக் கடிதம்) இன்னும் வரவில்லை. படித்தது மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தவிப்பாக இருக்கிறது.

சாக்ரமென்டோ நர்ஸ்:
வாழ்த்துகள்மா. டெக்சாஸ் லைசென்ஸ் இங்கே செல்லாது. நீங்கள் சொல்லும் பல மாநில லைசென்ஸ், காம்பாக்ட் என்ற, மாநிலங்களுக்கு இடையிலான நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்கு மட்டும்தான். டெக்சாஸ் அதில் இருக்கிறது, கலிபோர்னியா சேரவில்லை. நியூயார்க்கும் இல்லினாயும் சேரவில்லை. தவிர, அந்த லைசென்ஸ் நிரந்தரமாகக் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. இங்கே குடிவந்துவிட்டால் அது டெக்சாஸுக்கு மட்டுமான லைசென்ஸாகச் சுருங்கிவிடும்.

தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றேதான். கலிபோர்னியா போர்டுக்கு விண்ணப்பித்துவிட்டு டாலஸிலேயே உட்கார்ந்து எழுதலாம். எந்த ஊரில் எழுதினாலும், விண்ணப்பித்த போர்டுதான் லைசென்ஸ் தரும். ஏடிடி வராதவரை பியர்சன் வியூவில் போர்டை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 50 டாலர். வந்த பிறகு மாற்ற முடியாது, அதனால் இன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள்.

இரவு ஷிப்ட்:
அக்கா சொல்வது சரி. ஆனால் இன்னொரு வழியும் உண்டு. நான் அரிசோனாவில் லைசென்ஸ் வாங்கி, அப்புறம் எண்டார்ஸ்மென்ட் (வேறு மாநில லைசென்ஸைக் காட்டி இங்கே லைசென்ஸ் வாங்குவது) மூலம் இங்கே வந்தேன். முதல் லைசென்ஸ், நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் தளத்தில் பதிவாகியிருந்தால் கலிபோர்னியா அதைச் சரிபார்த்துக்கொள்ளும். கூடுதலாக 100 டாலர் கட்டினால் ஆறு மாதத்துக்கான தற்காலிக லைசென்ஸும் கேட்கலாம். கையில் லைசென்ஸ் எண் இருந்ததால் கிளம்பும்வரை நான் அங்கே வேலை பார்த்தேன்.

சாக்ரமென்டோ நர்ஸ்:
தம்பிக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அவர் அங்கே கொஞ்ச காலம் இருந்தார். ஆகஸ்டில் கிளம்பப் போகிற புதுப் பட்டதாரியைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்க எந்த ஆஸ்பத்திரி முன்வரும்? டெக்சாஸில் நர்சிங் சட்டம் பற்றித் தனியாக ஒரு தேர்வு வேறு எழுத வேண்டும், பிறகு கலிபோர்னியாவுக்கும் 350 டாலர் கட்ட வேண்டும். நேராக இங்கேயே விண்ணப்பிப்பதுதான் நல்லது.

கலிபோர்னியாவின் பிரீஸ் என்ற லைசென்ஸ் இணையதளத்தில் விண்ணப்பம் போடுங்கள். கல்லூரிச் சான்று கல்லூரியிலிருந்தே போர்டுக்குப் போக வேண்டும். பட்டம் வழங்கிய தேதி அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். மே, ஜூனில் பலருக்கும் இங்கேதான் இழுக்கிறது. கைரேகைக்கு லைவ் ஸ்கேன் (கணினியில் கைரேகை எடுப்பது) கலிபோர்னியாவுக்குள் மட்டும்தான் எடுப்பார்கள். டாலஸிலிருந்து என்றால் மையில் எடுத்த கைரேகை அட்டையைத் தபாலில் அனுப்ப வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். வீடு பார்க்க சான் ஹோசே போவீர்களானால், படிவத்தைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே லைவ் ஸ்கேன் கொடுத்துவிடுங்கள்.

டாலஸ்வாசி:
மிக்க நன்றி அக்கா. ஒரு சிக்கல். பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. டிரைவிங் லைசென்ஸில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது) என்று போட்டுவிட்டார்கள். கல்லூரியிலோ அப்பா பெயர்தான் கடைசிப் பெயர்.

இரவு ஷிப்ட்:
நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தயவுசெய்து இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் பியர்சன் வியூ பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய 200 டாலரும் போய்விடும். எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். போர்டை மாற்றக் கூப்பிடும்போதே, உங்கள் அட்டையில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டி எப்படிப் பதிய வேண்டும் என்று கேளுங்கள். போர்டு விண்ணப்பத்தில் வேறு பெயர்களைக் குறிப்பிடும் இடம் இருக்கும். கல்லூரிச் சான்றில் உள்ள பெயரை அங்கே எழுதுங்கள், இல்லையென்றால் சான்றும் விண்ணப்பமும் ஒன்று சேராமல் கிடக்கும்.

டாலஸ்வாசி:
கூப்பிட்டுப் பேசிவிட்டேன். போர்டை மாற்றியாயிற்று, பெயரும் பாஸ்போர்ட்படி சரிசெய்துவிட்டார்கள். தேர்வு முடிவு வரும்வரை அங்கே வேலைக்கு வழியே இல்லையா?

சாக்ரமென்டோ நர்ஸ்:
இருக்கிறது. தேர்வு எழுதுவதற்கு முன்பே இன்டரிம் பெர்மிட் (இடைக்கால அனுமதி) என்று போர்டிடம் கேட்கலாம். ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம், அதிகபட்சம் ஆறு மாதம். தேர்வில் தவறினால் பெர்மிட் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் பெர்மிட்டை ஏற்பதும் ஏற்காததும் ஆஸ்பத்திரியின் விருப்பம். நேர்காணலுக்குக் கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.