ரெப்ளிகேஷனுக்கு "தொடர்நகல்"னு வச்சா என்ன?

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில ஸ்டோரேஜ் (கம்ப்யூட்டர் டேட்டாவச் சேமிச்சு வைக்கிற பொட்டிங்க) வேலை பாக்குறேன். நம்ம கலைச்சொல் குழுவுக்கு வந்த போன மடல்ல ரெப்ளிகேஷனுக்கு, அதாவது ஒரு பொட்டில இருக்குற டேட்டாவ இன்னொரு பொட்டிலயும் அப்படியே வச்சுக்கிட்டே வர்றதுக்கு, "இரட்டிப்பு"ன்னு போட்டிருந்தாங்க. டிஎன்ஏ பாடத்துல அது சரியா உக்காருது, ஆனா டிஎன்ஏ ரெண்டானப்புறம் ஒண்ண ஒண்ணு பாக்காது, இங்க இந்தப் பொட்டில எழுதுறதெல்லாம் அந்தப் பொட்டிக்கு நிக்காம போய்க்கிட்டே இருக்கணும், அதோட பொட்டி ரெண்டோட நிக்கிறதும் இல்ல, பக்கத்துல ஒண்ணு தூரத்துல ஒண்ணுன்னு மூணு எடத்துல வைக்கிறதும் உண்டு.

"காப்புநகல்" வேணவே வேணாம், அது பேக்கப். தெரியாம டேட்டாபேஸ்ல ஒரு டேபிள அழிச்சா ரெப்ளிகேஷன் அந்த அழிப்பையும் அப்படியே அங்க கொண்டுபோய்ச் சேத்துரும், பேக்கப்புதான் நேத்து இருந்தத எடுத்துக் குடுக்கும். இந்த ரெண்டையும் ஒரே பேர்ல சொன்னா படிக்கிற புள்ளைங்க பேக்கப்பே வேணாம்னு நெனச்சுக்கும்ங்க. அதனாலதான் "தொடர்நகல்"ங்கறேன்.

அடுத்து ரெப்ளிகேஷன்ல இருக்குற ரெண்டு வகை: அந்தப் பக்கமும் எழுதுற வரைக்கும் காத்திருக்குற சிங்க், காத்திருக்காத அசிங்க். அசிங்க்குக்கு "ஒத்திசைவற்ற"ன்னு எழுதுறத எனக்கு ஏத்துக்க முடியல, என்னமோ ரெண்டு பக்கமும் முரண்பட்டுக் கெடக்குற மாதிரி அர்த்தம் வருது, உண்மையில அந்தப் பக்கம் கொஞ்சம் பின்னாடி வருது, அவ்வளவுதான். "பின்தொடர்நகல்"னா சரியா வரும். அந்தக் காலத்துல ரங்கூன்ல கொண்டுவிக்க (தொழில் பாக்க) போன மேலாள் (ஏஜெண்ட்) கணக்க எழுதி ஊருக்கு அனுப்புவாரு, கப்பல்ல அது வந்து சேர்றதுக்குள்ள அங்க பேரேட்டுல நாலு வரவு ஏறியிருக்கும், நம்ம வீட்டுல இருக்குறது தப்பான கணக்கு இல்ல, பிந்துன கணக்கு. அங்க கடை போச்சுன்னா அந்த நாலு வரவு மட்டும் நமக்குத் தெரியாது. ஆர்பிஓன்னு (RPO) நாம பேசுறது அந்த எடைவெளி எவ்வளவு வரைக்கும் போகலாம்ங்கற எல்லையத்தான், அதுக்கு "இழப்பெல்லை" போதும்.

சிங்க்குக்கு "உடன்தொடர்நகல்". அந்தப் பக்கம் வாங்கி வச்சாச்சுன்னு பதில் வந்தப்புறந்தான் இந்தப் பக்கத்துப் பொட்டி சர்வருக்கு "எழுதியாச்சு"ன்னு சொல்லும். ஃபைபர்ல வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோசெகண்ட், 100 கிலோமீட்டருக்கு போகவர 1 மில்லிசெகண்ட், ஒவ்வொரு ரைட்டுக்கும் (ஒவ்வொரு தடவை எழுதுறதுக்கும்) இது ஏறும். இங்கேருந்து மதுரைக்கு உடன்தொடர்நகல் வச்சுப் பாக்கலாம், சென்னைக்கு வச்சா டேட்டாபேஸ் திணறும், அங்க பின்தொடர்நகல்தான்.

கன்சிஸ்டன்சி குரூப்புக்குத்தான் (ஒண்ணா சேத்தே நகலெடுக்க வேண்டிய வால்யூம்களோட தொகுப்பு) எனக்கு இன்னும் சொல் அமையல. டேட்டாபேஸோட டேட்டா ஒரு வால்யூம்ல (ஸ்டோரேஜ்ல பிரிச்சு வச்ச ஒரு பகுதி), லாக் (என்னென்ன மாத்துனோம்னு வரிசையா எழுதி வைக்கிற பதிவு) இன்னொரு வால்யூம்ல இருக்கும். ரெண்டு எடத்துக்கும் நடுவுல லிங்க் அறுந்தா அந்தப் பக்கத்து நகல்ல ரெண்டும் ஒரே நொடியில நிக்கணும், டேட்டா 10:05லயும் லாக் 10:04லயும் நின்னா அந்த நகல வச்சு டேட்டாபேஸ எழுப்ப முடியாமப் போயிரும். "ஒத்தநிலைக் குழு"ன்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்கென்னமோ "நிலை" அங்க ஒட்டல, ஒண்ணா நிக்கிறதும் எழுதுன வரிசை மாறாம இருக்குறதும் தான் அங்க விஷயம். "ஒருவரிசைத் தொகுதி"ன்னா பரவாயில்லையா? டேட்டாபேஸ் பக்கம் வேலை பாக்குறவங்க யாராச்சும் பாத்துச் சொல்லுங்க.