ரிட்டுக்சிமாப் எலி மருந்தா? அப்பா வேண்டாம் என்கிறார்

மேலூர்க்காரன்:
அப்பாவுக்கு 68 வயது. கழுத்தில் நெறி கட்டியது, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்றார்கள். போன வாரம் மதுரையில் முதல் ரிட்டுக்சிமாப் ஏற்றினார்கள். அரை மணி நேரத்தில் குளிர் தூக்கிப் போட்டது, கட்டிலே ஆடியது. நிறுத்திவிட்டு, அப்புறம் மெதுவாக ஏற்றி முடித்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் இது எலியிலிருந்து எடுக்கிற மருந்து என்று சொல்லிவிட்டார். இனிமேல் வரமாட்டேன் என்கிறார் அப்பா. முழு மனித ஆன்டிபாடி என்று ஒன்று உண்டாமே, அதைக் கேட்கலாமா?

திருநகர் நர்ஸ்:
தம்பி, 14 வருஷமாக இந்த மருந்தைக் கலந்து ஏற்றுகிறேன். குப்பியைக் குலுக்கவே மாட்டோம், நுரைத்துவிடும். சலைன் பையில் சேர்த்ததும் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துவோம். அவ்வளவு பக்குவமான சரக்கு.

எலிக் கதை பாதி உண்மை. இந்த மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது அந்நியமானதைப் பிடிக்க உடம்பு சுரக்கிற புரத வகை. 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் எலியின் மண்ணீரல் செல்லையும் புற்றுநோய்ச் செல்லையும் இணைத்து, ஒரே அச்சான ஆன்டிபாடியைச் சுரக்க வைத்தார்கள். முழு எலி ஆன்டிபாடியை நம் உடம்பு அந்நியம் என்று விரட்டியது. அதனால் இலக்கைப் பிடிக்கிற நுனியை மட்டும் எலியுடையதாக விட்டு, மீதியை மனிதனுடையதாக மாற்றினார்கள். 1997-ல் வந்த ரிட்டுக்சிமாப் அந்த ரகம். 2002-ல் வந்த அடாலிமுமாப் முழு மனித ரகம், மூட்டுவாதத்துக்கு. அதையும் யார் ரத்தத்திலிருந்தும் எடுக்கவில்லை. வைரஸின் மேல் மனித ஆன்டிபாடித் துண்டுகளை முளைக்க வைத்து, இலக்கில் ஒட்டுவதைப் பொறுக்கினார்கள். அந்த வழியைக் காட்டிய கிரெக் விண்டருக்கு 2018 வேதியியல் நோபலில் பங்கு.

அப்பாவுக்கு வந்த குளிருக்கு எலியைக் குறை சொல்ல வேண்டாம். மருந்து பி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்களில் போய் ஒட்டியதும் அவை உடைகின்றன, உடம்பு கொந்தளிக்கிறது. முதல் தடவை செல்கள் அதிகம், ஆட்டமும் அதிகம். அடுத்ததில் பெரும்பாலும் குறையும். இதே செல்லைப் பிடிக்கிற ஒஃபாடுமுமாப் முழு மனித ரகம்தான், அதிலும் முதல் நாள் குளிர் வருவதுண்டு. பெயரைப் பார்த்து மருந்து மாற்றக் கேட்காதீர்கள். போன தடவை எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில் குளிர் வந்தது என்று எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

நாகமலை ஆய்வு மாணவி:
ஒன்று சேர்க்கிறேன். மருந்து தயாராகிற இடத்தில் எலியே கிடையாது. 1957-ல் சீன ஹாம்ஸ்டர் என்ற சின்னக் கொறிக்கும் பிராணி ஒன்றின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் வம்சம் எஃகுத் தொட்டிகளில் பெருகி, இதைச் சுரக்கிறது.

மேலூர்க்காரன்:
அக்கா, சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அந்த நர்ஸம்மா டூட்டியில் இருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன், கம்பளியோடு.