ஆறு முட்டையில் பதினோரு மஞ்சள் கரு

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்டுக்கு ஆறு முட்டை உடைத்தேன். முதல் முட்டையில் இரண்டு மஞ்சள் கரு. சரி, எப்போதாவது வருவதுதான். அடுத்ததிலும் இரண்டு. நான்காவதுக்குள் பிள்ளைகள் அடுப்படிக்கு வந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஆறாவது மட்டும் ஒற்றைக் கரு, "ஏமாத்திருச்சே" என்று சின்னவனுக்கு ஏமாற்றம். மாசமாக இருக்கும் நாத்தனாருக்கு மாமியார் அந்த ஆம்லெட்டைக் கொடுக்கவே இல்லை. இரட்டை வாழைப்பழத்துக்குச் சொல்கிற அதே காரணம்தான். கடைக்காரர் "பெரிய சைஸ், எடுத்துக்கோங்க" என்று தனியாக ஒதுக்கியிருந்த அட்டையிலிருந்து வாங்கியது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

நாமக்கல் பக்கம் பண்ணையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான். ஆயிரத்தில் ஒன்று இரட்டைக் கரு என்பார்கள், ஆனால் அது எல்லா வயதுக் கோழிகளையும் சேர்த்த கணக்கு. 18, 20 வாரத்தில் முட்டை வைக்கத் தொடங்கும் இளங்கோழிக்கு உடம்பு இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. ஒரு கரு இறங்கிய கையோடு இன்னொன்றும் இறங்கிவிடும். இரண்டையும் சேர்த்து வெள்ளைக் கருவும் ஓடும் மூடிக்கொள்ளும். ஒரு ஷெட்டில் எல்லாம் ஒரே வயதுக் கோழிகள்தான். அதில் பெரிய முட்டைகளை மட்டும் பொறுக்கி ஒரே அட்டையில் அடுக்கினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். சாதாரண முட்டை 55 கிராம் சுமார் என்றால் இது 70ஐத் தாண்டும், கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே ஷெட்டில் அதே வாரம் 40 கிராம் குட்டி முட்டையும் நிறைய விழும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெருக்கும், இரட்டைக் கரு குறையும்.

*

எங்கள் வீட்டு நாட்டுக்கோழி ஒருநாள் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முட்டை வைத்தது. பக்கத்து வீட்டு அக்கா பாம்பு முட்டை என்று சொல்லித் தொடவிடவில்லை. பாம்பு முட்டை தோல் மாதிரி இருக்கும், இதுவோ நல்ல ஓடு. உடைத்துப் பார்த்தால் உள்ளே வெறும் வெள்ளைக் கரு. முட்டைக் குழாயில் ஏதோ ஒரு துணுக்கு விழுந்தால்கூட அதைக் கரு என்று நினைத்து உடம்பு ஓடு கட்டிவிடுமாம். மறுநாளிலிருந்து வழக்கமான முட்டைதான்.

*

அடை வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? நான் வைத்தேன். ஒற்றைப்படைக் கணக்கில் பதினோரு முட்டை, அதில் ஒன்று பெரிசு. ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு நிழல். வீடே ஆவலாகக் காத்திருந்தது. 21ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தன. ஒன்று கூமுட்டை. பெரிசை நான்கு நாள் விட்டு உடைத்தோம், இரண்டு குஞ்சும் பாதி வளர்ச்சியிலேயே நின்றிருந்தன. ஓட்டுக்குள் இரண்டுக்கு இடம் போதாதாம். அப்புறம் பெரிய முட்டை கிடைத்தால் கலக்கிக்குத்தான்.

*

பண்ணைக்காரர் சொன்னதைப் படித்துவிட்டு மீதி முட்டைகளைத் தராசில் வைத்தேன். 74, 71, 76. ஒன்று மட்டும் 62. சின்னவன் அந்த 62ஐத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான், அத்தைக்குக் கொடுக்க.