ஏழாம் லூயி எலினோரை விட்டது முட்டாள்தனமா, வேறு வழியே இல்லையா?

கோட்டைவாசல்:
தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மன்னன் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், பிரான்ஸின் ஏழாம் லூயி. 1152 மார்ச் 21 அன்று போஜான்சி என்ற ஊரில் ஆயர்கள் கூடி, அவருக்கும் அக்கித்தேன் (பிரான்ஸின் தென்மேற்குப் பகுதி) எலினோருக்கும் நடந்த திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். காரணம், நெருங்கிய இரத்த உறவாம். கிட்டத்தட்ட பதினைந்து வருடம் குடும்பம் நடத்தி, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்த பிறகு!

எலினோர் வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா பத்தாம் வில்லியம் 1137-இல் சந்தியாகோவுக்குத் திருப்பயணம் போன இடத்தில் இறந்துவிட்டார். சேதி கிடைத்ததும் பிரான்ஸின் ஆறாம் லூயி படுக்கையில் இருந்தபடியே மகனை போர்தோவுக்கு விரட்டினார். ஜூலை 25 கல்யாணம், ஆகஸ்ட் 1 கிழவர் காலி. அன்றைக்குப் பிரெஞ்சு மன்னரின் நேரடிக் கையில் இருந்தது பாரிஸ், ஓர்லியன் சுற்றுவட்டாரம்தான். மருமகள் கொண்டுவந்ததோ லுவார் ஆற்றுப் பக்கம் தொடங்கிப் பிரனீஸ் மலை வரை.

இதை விட்டுக்கொடுத்தார் மனுஷன். எட்டே வாரத்தில், மே 18 அன்று, எலினோர் புவாத்தியேவில் ஹென்றியைக் கட்டிக்கொண்டார். பத்தொன்பது வயதுப் பையன், நார்மண்டி டியூக், ஆஞ்சு பிரபு. 1154-இல் அவனே இங்கிலாந்து மன்னன். ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரனீஸ் வரை ஒரே குடும்பம். இதற்கு மேல் முட்டாள்தனம் உண்டா?

ஏட்டுச்சுவடி:
கோட்டைவாசல் சார், வரைபடத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. வாரிசு வரிசையை வைத்துப் பாருங்கள், கதை மாறும்.

அக்கித்தேன் லூயியின் சொத்தே கிடையாது. எலினோரின் கணவர் என்ற முறையில் டியூக் பட்டம் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரு மகன் பிறந்து அவன் இரண்டையும் ஆண்டால் ஒழிய அந்த நிலம் பிரான்ஸோடு சேராது. பிறந்ததோ மரியும் அலிக்ஸும். இப்படியே போயிருந்தால் அரியணை லூயியின் தம்பி ராபர்ட்டுக்கு, அக்கித்தேன் மூத்தவள் மரிக்கும் அவளைக் கட்டியவனுக்கும். எப்படிப் பார்த்தாலும் கையை விட்டுப் போகிற நிலம்.

மகன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை லூயி கடலுக்கு அந்தப் பக்கம் நேரடியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். 1120-இல் ‘வெள்ளைக் கப்பல்’ என்ற கப்பல் கவிழ்ந்து இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் மூழ்கினான். மகள் மட்டில்டாவை ஏற்றுக்கொள்வதாக எல்லாப் பிரபுக்களும் சத்தியம் செய்தார்கள். 1135-இல் அவர் கண்ணை மூடியதும் உறவினர் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடி சூடிவிட்டார். 1152-இலும் அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. அந்த மட்டில்டாவின் மகன்தான் நம் ஹென்றி. லூயியின் வம்சத்தாரான கப்பேசியர்களோ 987 முதல் தகப்பன் விட்டு மகன் என்று அறுந்துபோகாமல் வந்தவர்கள். அந்தச் சங்கிலி தன்னோடு அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம் லூயிக்கு இருக்காதா?

கோட்டைவாசல்:
பயம் இருக்கட்டும், பலன் என்ன? அடுத்து கட்டிய கான்ஸ்டன்ஸுக்கும் இரண்டு பெண்கள். அவர் 1160-இல் பிரசவத்தில் இறந்து ஐந்தாறு வாரம்கூட ஆகவில்லை, மூன்றாவதாக ஷாம்பெய்ன் அதேலா. ஒருவழியாக மகன் பிலிப் பிறந்தது 1165-இல். எலினோரை விட்டுப் பதின்மூன்று வருடம்! இதற்குள் எலினோர் ஹென்றிக்குப் பெற்றுக் கொடுத்த மகன்கள் நான்கு. ஐந்தாவதாக ஜான் அடுத்த ஆண்டே வந்துவிட்டான்.

ஏட்டுச்சுவடி:
இது நடந்து முடிந்ததை வைத்துச் சொல்லும் தீர்ப்பு. 1152-இல் லூயிக்குத் தெரிந்தது, பதினைந்து வருடத்தில் இரண்டு பிரசவம், இரண்டும் பெண். அவ்வளவே.

நிலாமுற்றம்:
இரண்டு பேரும் எலினோரை ஏதோ பத்திரப் பதிவு அலுவலகத்துக் கோப்பு மாதிரிப் பேசுகிறீர்கள். "விட்டார்", "விட்டுக்கொடுத்தார்" என்கிறீர்களே, அவர் போக விரும்பினார் என்பதை யாராவது சொன்னீர்களா?

இரத்த உறவு என்ற பேச்சை முதலில் எடுத்ததே எலினோர்தான். இரண்டாம் சிலுவைப் போருக்குப் போனபோது 1148-இல் அந்தியோக்கியாவில், சித்தப்பா ரேமண்ட் வீட்டில் இருந்துகொண்டு, இந்தத் திருமணம் செல்லாது, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். லூயி வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியில் 1149-இல் தூஸ்குலத்தில் போப் மூன்றாம் யூஜின் இருவரையும் சமாதானம் செய்துவைத்து, உறவுக் காரணத்தை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று சொல்லி, தன் விலையுயர்ந்த துணிகள் விரித்த கட்டிலிலேயே இருவரையும் படுக்க வைத்தார். இதை எழுதி வைத்த சாலிஸ்பரி ஜான் அந்தக் காலத்தில் போப்பின் அவையோடு இருந்தவர். அந்தச் சமாதானத்தில் பிறந்ததுதான் அலிக்ஸ். அதுவும் பெண்ணாகப் போனதில் கதை முடிந்தது. இருவரையும் இழுத்துப் பிடித்து வைத்திருந்த மடாதிபதி சுஜேரும் 1151 தொடக்கத்தில் இறந்துவிட்டார்.

போஜான்சியிலிருந்து புவாத்தியேவுக்கு எலினோர் எப்படித் திரும்பினார் தெரியுமா? வழியில் புளுவா பிரபு தியோபால்ட் மடக்கிக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்த்தார், இராத்திரியோடு இராத்திரியாகத் தப்பினார். அடுத்து, ஹென்றியின் சொந்தத் தம்பி ஜெஃப்ரி ஆற்றங்கரையில் ஆள் போட்டுக் காத்திருந்தான், வேறு பாதையில் போனார். சொத்துள்ள பெண் தனியாக இருந்தால் தூக்கிக்கொண்டு போவது அன்றைக்குச் சகஜம். எட்டு வாரத்தில் மறுமணம் என்றால் அவசரம் அவருக்குத்தான், அந்த அவசரத்துக்கு நியாயமும் இருந்தது.

தூரத்துச்சொந்தம்:
ஒரு நிமிஷம். இந்தத் தியோபால்ட் பின்னால் எலினோரின் மகள் அலிக்ஸைக் கட்டியவர்தானே? மாமியாரைத் தூக்கப் பார்த்த மருமகனா? அவருடைய அண்ணன் மரியைக் கட்டினார். அவர்களுடைய தங்கை அதேலாவை லூயியே கட்டினார். அப்படியானால் லூயிக்கு மருமகன்களே மைத்துனர்களா? எனக்குத் தலை சுற்றுகிறது.

ஏட்டுச்சுவடி:
ஆமாம், அதேதான். ஆனால் இதை வேடிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். லூயி எலினோரை விட்டதற்கு ஈடாகச் சேர்த்தது இந்தக் கூட்டணியைத்தான். தலைமுறை தலைமுறையாக மன்னருக்குக் குடைச்சல் கொடுத்த புளுவா-ஷாம்பெய்ன் குடும்பத்தைப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துத் தன் பக்கம் இழுத்தார்.

நிலாமுற்றம் அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த இரத்த உறவுக் கணக்கே கேலிக்கூத்து. லூயிக்கும் எலினோருக்கும் பொது மூதாதை மன்னர் இரண்டாம் ராபர்ட். அவரிடமிருந்து லூயி நாலாவது தலைமுறை, எலினோர் ஐந்தாவது. சரி, ஹென்றிக்கும் எலினோருக்கும்? ஆஞ்சு எர்மெங்கார்ட் என்ற பெண்மணியிடமிருந்து இருவருமே நாலாவது தலைமுறை. இன்னும் நெருக்கம்! திருச்சபை அன்று ஏழு தலைமுறைக்குள் கூடாது என்றது. 1215-இல் கூடிய லாத்தரன் திருச்சபைச் சங்கம்தான் அதை நாலாகக் குறைத்தது. ஏழு என்றால் பிரபுக்களில் யாரும் யாரையும் கட்ட முடியாது. ஆகவே எல்லோரும் கட்டினார்கள், வேண்டாமென்று தோன்றும்போது உறவுமுறையைத் தோண்டி எடுத்தார்கள்.

கோட்டைவாசல்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கட்டுவதும் வெட்டுவதும் இவ்வளவு சுலபம் என்றால், வெட்டிய பிறகு அவர் யாரைக் கட்டுவார் என்று யோசிக்க வேண்டாமா? எலினோர் லூயிக்குக் கீழ்ப்பட்ட நிலப்பிரபு, ஹென்றியும் அப்படியே. மேலாதிக்க மன்னரின் சம்மதமில்லாமல் அவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நம்பிக்கொண்டு, ஒரு காவல்கூடப் போடாமல் ஐரோப்பாவின் மிகப்பெரிய வாரிசுப் பெண்ணைச் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார். பிறகு கோபம் வந்து நார்மண்டி மேல் படையெடுத்தார், ஹென்றி சில வாரத்தில் அடித்துத் துரத்தினான். 1154 வரை "அக்கித்தேன் டியூக்" என்ற பட்டத்தை விடாமல் வைத்திருந்ததுதான் மிச்சம்.

சரி, ரத்து தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிந்தைய எட்டு வாரம்? அதற்கு யாராவது வக்காலத்து வாங்குங்கள் பார்ப்போம்.

ஏட்டுச்சுவடி:
அந்த எட்டு வாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மரியும் அலிக்ஸும் லூயியிடமே இருந்தார்கள். எலினோருக்கு வேறு குழந்தை பிறக்காவிட்டால் அக்கித்தேன் அவர்களுக்கே என்று நினைத்திருக்கலாம். 1153-இல் வில்லியம் பிறந்ததும் அந்தக் கணக்கு தீர்ந்தது.

ஆனால் இறுதி வரவு செலவைப் பாருங்கள். லூயியின் மகன் பிலிப் 1204-இல் நார்மண்டியையே பிடித்தார்.

கோட்டைவாசல்:
அது லூயியின் சாதனையா? அப்போது இங்கிலாந்து மன்னனாக இருந்த எலினோரின் மகன் ஜான் 1200-இல், லூசிஞான் ஹியூவுக்கு நிச்சயமாகியிருந்த அங்குலேம் இசபெல்லாவைப் பறித்துக் கட்டிக்கொண்டான். லூசிஞான்காரர்கள் பிலிப்பிடம் முறையிட்டார்கள், ஜான் விசாரணைக்கு வரவில்லை, நிலம் பறிமுதல். அது ஜானின் முட்டாள்தனம். லூயியின் முட்டாள்தனத்துக்குக் கணக்கு இன்னும் நீளம்: போர்தோ 1453 வரை ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது. 1337-இல் நூறாண்டுப் போர் தொடங்கியதும் அந்தத் தெற்கு நிலத்தைப் பறிமுதல் செய்ததில்தான்.

நிலாமுற்றம்:
1200-ஐத் தொட்டதால் சொல்கிறேன். அந்த வருடத்தில் அதைவிடச் சுவையான கல்யாணம் ஒன்று உண்டு. ஜானும் பிலிப்பும் சமாதானம் பேசி, ஜானின் அக்கா மகளை பிலிப்பின் மகனுக்குக் கொடுப்பது என்று முடிவானது. பெண்ணை அழைத்து வர ஸ்பெயின் பக்கத்துக் காஸ்தீலுக்குப் போனது யார்? ஏறக்குறைய எண்பது வயது எலினோர், குளிர்காலத்தில் பிரனீஸைத் தாண்டி. அழைத்து வந்தது பேத்தி பிளாஞ்சை, வயது பன்னிரண்டு.

கல்யாணம் மே மாதம். பிரான்ஸில் நடத்த முடியவில்லை! டென்மார்க் இளவரசி இன்கபோர்கை 1193-இல் கட்டிய மறுநாளே பிலிப் ஒதுக்கி வைத்தார். அதே இரத்த உறவுச் சாக்குதான். ஆனால் அந்தப் பெண் மசியவில்லை, போப்பிடம் முறையிட்டார். 1200-இல் மூன்றாம் இன்னசென்ட் பிரான்ஸில் வழிபாட்டுக்கே தடை போட்டிருந்தார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் எல்லை தாண்டி, ஜானின் நார்மண்டியில் போர்மோர் என்ற ஊரில் தாலி கட்டாத குறையாகக் கல்யாணத்தை முடித்தார்கள். அப்பாவின் கல்யாண வழக்கால் மகனுக்குச் சொந்த நாட்டில் கல்யாணம் இல்லை.

பெண் ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இன்கபோர்க்தான் சாட்சி. பிலிப் இருபது வருடம் அவரை அடைத்து வைத்தும் ரத்து கிடைக்கவில்லை. லூயிக்கு 1152-இல் சுலபமாகக் கிடைத்தது என்றால், எதிர்த்தரப்பில் எலினோரும் அதையே கேட்டதால்தான்.

ஏட்டுச்சுவடி:
அந்த பிளாஞ்சின் மகன்தானே ஒன்பதாம் லூயி. ஏழாம் லூயியால் எலினோரிடம் பெற முடியாத ஆண் வாரிசு, எலினோரின் கொள்ளுப்பேரனாக அதே அரியணைக்கு வந்தான். என் பக்கத்தில் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன்.

கோட்டைவாசல்:
போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒன்பதாம் லூயி 1259 பாரிஸ் ஒப்பந்தத்தில் என்ன செய்தார்? இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியைத் தனக்குக் கீழ்ப்பட்ட அக்கித்தேன் டியூக் என்று ஏற்று, தெற்கு நிலத்தை அவரிடமே விட்டார். பதிலுக்கு நார்மண்டி, ஆஞ்சு, புவாத்து மீதான உரிமையை ஹென்றி கைவிட்டார். அவையினர் முணுமுணுத்ததற்கு லூயி சொன்ன காரணங்களில் ஒன்று, எங்கள் மனைவிகள் அக்கா தங்கை என்பது. அந்த ஒப்பந்தம் சரியா தவறா என்பதைத் தனி இழையாகத் திறக்கிறேன், அங்கே வாருங்கள்.